பிணைச்சலின் நீண்ட துளை

நிந்தவூரில் இன்ஸாபின் லேத் கடைக்கு வருவது பெரும்பாலும் உழவு மெஷினின் உறுப்புகள். நெல் வேளாண்மை வெட்டி முடிந்தால் வெட்டு மெஷினின் உறுப்புகளும் வரும். வட்டமாக இருந்த துளை தேய்ந்து ஒரு பக்கம் நீண்டிருக்கும். அவர் வெல்டிங்கால் நிரப்பி, கடைந்து, மறுபடி வட்டமாக்குவார். யாரும் சொல்லத் தேவையில்லை. கை தானாகப் போகும்.

கல்முனைக் கிளெய்டன் ஓர் உருக்குப் பிணைச்சலைக் கொண்டுவந்தபோதும் கை அப்படித்தான் போனது. கிளெய்டன் வேலை செய்யும் இடத்தில் மிகப் பழைய சிறு விமானம் ஒன்றை மீண்டும் பறக்கவைக்கப் பார்க்கிறார்கள். இறக்கையின் பின் ஓரத்தில் மேலும் கீழும் அசையும் மடலை, கதவுக் கீல்போலத் தாங்குவது இந்தப் பிணைச்சல். "தேஞ்சதச் சரி பண்ணித் தாங்க காக்கா" என்று சொல்லிப் போனான். இன்ஸாப் நீண்ட துளையை வட்டமாக்கினார். ஆணி ஆடாமல் இறங்கியது.

அடுத்த கிழமை மற்ற இறக்கையின் பிணைச்சல் வந்தது. அதிலும் துளை நீண்டிருந்தது. அதே பக்கம், அதே அளவு.

இன்ஸாப் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு இரும்பு பேசிவைத்துத் தேயாது. விளக்கைப் பிடித்துப் பார்த்தார். துளையின் உள்விளிம்பில் பழைய பச்சைப் பெயின்ற். ஆணி உரசிய இடத்தில் பெயின்ற் எப்படி நிற்கும்? தேய்ந்த பிறகு யாராவது பூசியிருந்தால்?

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி றஸ்னா கேட்டாள்.

"என்ன, மய்யித்தக் கண்ட மாதிரி இரிக்கீங்க?"

"ஆட்டம் வேணுமெண்டே ஒருத்தன் ஓட்டை போடுவானா?"

"எனக்கென்ன தெரியும். நீங்க குசினிக் கதவையும் ஆட்டமில்லாம இறுக்கினீங்க. மாரி மழையில பலகை ஊதினாப் பொறகு திறந்திச்சா?"

அவருக்கு இன்னும் குழம்பியது. கதவு பலகை. இது உருக்கு. ஆனால் இறக்கை? அதுவும் பலகைதானோ?

பின்னேரம் கிளெய்டன் வந்தான்.

"இதுக்கு அளவுப் படம் கிடக்கா தம்பி?"

"தேடாத இடமில்ல காக்கா. கிடைக்கல்ல." நிரப்பிய பிணைச்சலைத் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தானே கிடக்கு. தாங்க, பூட்டுவம்."

"ஆரு ஓட்டுற?"

"முதலாளி. முதல் ஓட்டத்துக்கு நானும் ஏறுவன். நீங்களும் வாறீங்களா? பயமா?"

இன்ஸாப் சிரிக்கவில்லை. அதை அவன் கையிலிருந்து வாங்கி வைசில் இறுக்கினார். இரும்பு அறுக்கும் வாளை எடுத்தார்.

"காக்கா! என்ன செய்யிறீங்க?"

"பாக்க நல்லாக் கிடக்கு. அதான் பயம். கண்ட ஆரும் பூட்டிருவாங்க. மத்ததுல நான் கை வைக்கல்ல; அதுலயும் ஓட்டை இப்படித்தான் நீண்டிரிக்கி, வேணுமெண்டே வெச்சதோ தெரியா. கொண்டுபோய் பிளேன் தெரிஞ்ச ஆக்களிட்டக் காட்டு. அவங்க செல்லுற மாதிரி இதுக்கு ஒண்டு புதுசா வெட்டித் தாறன்."

"அவங்களும் தேஞ்சதெண்டு சென்னா?"

இன்ஸாப் வாளை இழுக்கத் தொடங்கினார்.

"அப்ப நான் நல்ல சாமான அறுக்கிறன்" என்றார்.

வாள் நிற்கவில்லை.