நஸாரியோவுக்குப் பச்சை விழுந்த நாள்

என் சகலை நஸாரியோவை எங்கள் ஊர் லா நோரியாவில் 'சிவப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நல்ல கறுப்பு. பெயர் வந்தது, எல்லையில் லாரெடோ பாலத்தைத் தாண்டி எங்கள் நாட்டுக்குள் நுழைந்ததும் இருக்கும் சுங்கச் சாவடி விளக்கிலிருந்து. அங்கே வண்டியை நிறுத்தினால் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் நேரே போகலாம். சிவப்பு என்றால் ஓரம் கட்டி, தார்ப்பாயை அவிழ்த்து, ஏற்றியதையெல்லாம் இறக்கிக் காட்டவேண்டும். யாருக்கு எது விழும் என்பது யாருக்கும் தெரியாது. நஸாரியோ விஷயத்தில் மட்டும் ஊருக்கே தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஹூஸ்டனில் அவன் கூரை போடுகிற வேலைக்காரன். டிசம்பர் பிறந்தால் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் சாமான்களைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். அடுக்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. துணி துவைக்கும் மிஷினின் வயிற்றுக்குள் பொம்மைகள், பொம்மைகளின் சந்துகளில் காலுறைகள், மிஷின் மேல் மெத்தை, மெத்தை மேல் சைக்கிள். அவன் கட்டிய கயிற்றில் விரல் நுழையாது. இவ்வளவையும் சாவடியில் தரையில் பரப்பிவிட்டு மறுபடி அடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

கிறிஸ்பினும் எங்கள் ஊர்தான், அதே தொழில்தான். அவன் ஏற்றியிருப்பதைப் பார்த்தால் வீடு காலி செய்துவிட்டு ஓடுகிறவன் வண்டி மாதிரி இருக்கும். கயிறு தொங்கும், பை பிதுங்கும். ஆனால் அவனுக்குப் பச்சைதான் விழும். கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான்.

நஸாரியோ செய்து பார்க்காதது இல்லை. பச்சைச் சட்டை போட்டான். பானெட்டில் தீர்த்தம் தெளித்தான். கிறிஸ்பின் வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனான். அவனுக்குப் பச்சை, இவனுக்குச் சிவப்பு.

அதிலும் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், ஜனங்கள் சாமானைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். டிவி, முகம் பார்க்கும் கண்ணாடி, பீங்கான் எல்லாம் கிறிஸ்பினுக்கு. டயரும் பழந்துணி மூட்டையும் நஸாரியோவுக்கு.

"உடையிற சாமான் ஒண்ணுகூட என்னை நம்பிக் குடுக்க மாட்டேங்குறானுங்க சகலை," என்பான். "நான் கட்டுனா முட்டைகூட முழுசாப் போய்ச் சேரும். அந்தத் தறுதலைக்கு முடிச்சுப் போடத் தெரியுமா?"

இன்னொன்றும் உண்டு. நஸாரியோவின் மனைவி டெல்ஃபினாவோடு, கல்யாணத்துக்கு முன்னால், ஒரு திருவிழாவில் விடிய விடிய ஆடியவன் கிறிஸ்பின். அதை நஸாரியோ வாயால் சொன்னதில்லை. ஆனால் கிறிஸ்பின் பெயரை எடுத்தாலே டெல்ஃபினாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வான்.

போன டிசம்பரில் என் மகள் அராசெலிக்குப் பதினைந்து வயது விழா வைத்திருந்தோம். எங்களில் கேக், கிரீடம், செருப்பு என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சொந்தக்காரர் ஏற்றுக்கொள்வார்கள். டெல்ஃபினா என் மனைவியின் தங்கை. வாழ்த்திக் குடிக்கிற பானத்துக்குக் கிண்ணமும் கோப்பைகளும் தன் பொறுப்பு என்று அவள் சொல்லியிருந்தாள். கிளம்புகிற அன்று நஸாரியோ கேட்டான்.

"கிண்ணம் எங்கடி?"

"ஊர்ல வாங்கிக்கலாம்."

"அந்த மஞ்சள் விரிப்பையும் காணோமே. மெத்தைக்கு அடியில போடலாம்னு பார்த்தேன்."

"துவைக்கப் போட்டிருக்கேன். வண்டிய எடுய்யா."

நானும் அவர்களோடு ஊருக்குப் போனேன்; முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து கிளம்பினோம். பாலத்தில் நீண்ட வரிசை. எங்களுக்கு நாலு வண்டி பின்னால் கிறிஸ்பின். எங்கள் முறை வந்தது. நஸாரியோ வழக்கம்போல ஓரம் கட்டத் தயாராக வண்டியை வலப்பக்கம் ஒடித்து வைத்திருந்தான்.

பச்சை எரிந்தது.

அவன் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "சகலை, பச்சை," என்று நான் தொடையில் தட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தான். சாவடிக் கொட்டகையைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். டெல்ஃபினா மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

கிறிஸ்பினுக்குச் சிவப்பு விழுந்திருந்தது.

"கொஞ்சம் இரு, வந்துடறேன்," என்று நஸாரியோ இறங்கினான். ஓரமாக விற்றுக்கொண்டிருந்தவளிடம் சோளமாவில் அவித்த தமால் ஒன்றைச் சுடச்சுட வாங்கிக்கொண்டு, தின்றபடியே வேடிக்கை பார்க்கப் போனான். நானும் போனேன். எத்தனையோ வருஷத்து ஆசை, கூட இருந்து பார்க்காவிட்டால் எப்படி?

கிறிஸ்பின் வேர்க்க வேர்க்க இறக்கிக்கொண்டிருந்தான். "என்ன பங்காளி, பச்சை எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. நீ அடுக்கி வைக்கக் கத்துக்க. சிவப்பு போகப் போகப் பழகிடும்."

அப்போதுதான் அந்த மூட்டை மேஜைக்கு வந்தது. மஞ்சள் துணி, நீலப் பூ, ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. நஸாரியோவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"இதுல என்ன இருக்கு?" என்றார் அதிகாரி. அவரைவிட அவர் தொப்பிக்கு வயது அதிகம்.

கிறிஸ்பின் ஒரு கணம் நஸாரியோவைப் பார்த்தான். "என்னுதுதான் சார். வீட்டுச் சாமான்."

"என்ன சாமான்?"

கிறிஸ்பினுக்குத் தெரியவில்லை. "வீட்டுல கட்டிக் குடுத்தாங்க சார்," என்றான்.

நஸாரியோவின் பொறாமையை நான் வருஷக்கணக்காகப் பார்த்தவன். அது விளக்கின் மேல் இருந்த பொறாமை, ஏதோ பிழைப்போடு போச்சு என்று சிரித்துவிடலாம். இது வேறு. தான் பெண்டாட்டியோடு படுக்கிற விரிப்பை இன்னொருத்தன் 'என்னுது' என்று சொல்வதை எவன் நின்று கேட்பான்? தமாலைக் கீழே போட்டுவிட்டு மேஜைக்கு வந்தான்.

"அது என்னுது," என்றான்.

கிறிஸ்பின் குரலைத் தாழ்த்தினான். "பேசாம போ பங்காளி. நான் பாத்துக்குறேன்."

"நீ எதைப் பாத்துக்குற?"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வண்டி எங்க?"

"அதோ. எனக்குப் பச்சை விழுந்துச்சு."

"சொந்தமா வண்டி இருக்கு. அப்புறம் உங்க வீட்டு மூட்டை இவர் வண்டியில எதுக்கு வருது?"

அங்கே இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். ஒருவன் கனைத்தான், இன்னொருவன் சிரித்தே விட்டான்.

"சரி, அந்த வண்டியையும் இங்க கொண்டாங்க. ரெண்டையும் சேர்த்தே பாத்துடலாம்."

நான் நஸாரியோவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு சகலை. பச்சைடா. இனிமே எப்ப விழும்?"

"அவனுதுன்னு விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்று கையை உதறிக்கொண்டு போனான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கிடைத்த பச்சையைத் தானே சுற்றிக்கொண்டுவந்து சிவப்பில் நிறுத்தினான்.

டெல்ஃபினா இறங்கிவந்து மூட்டையை அவிழ்த்தாள். கண்ணாடிக் கிண்ணம், கோப்பைகள். ஒரு கீறல் இல்லை. "எங்க அக்கா பொண்ணு விழாவுக்கு சார்," என்றாள். அதிகாரி தலையாட்டிவிட்டு, நஸாரியோவின் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார்.

மிஷின், மெத்தை, பொம்மைகள் என்று எல்லாம் தரைக்கு வந்தன. இறக்கிக்கொண்டே அவன் பேசினான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊரே குடுக்கல. சரி. நீயுமா?"

"உடைஞ்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்யா. உனக்குத்தான் எப்பவும்..."

"இன்னிக்குப் பச்சை விழுந்துச்சு டெல்ஃபினா."

"பாத்தேன்," என்றாள். "அப்பவே செத்துட்டேன்."

மறுபடி அடுக்கி முடித்தபோது கிறிஸ்பின் போய்விட்டிருந்தான். டெல்ஃபினா மூட்டையோடு நின்றாள். நஸாரியோ மிஷினைத் திறந்து, பொம்மைகளை விலக்கி, கிண்ணத்துக்குக் குழி பண்ணினான். தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கிண்ணத்தைச் சுற்றினான். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு காலுறை மாட்டினான்.

"விரிப்பு இருக்கே, அதுலயே சுத்தலாமே," என்றாள்.

"விரிப்பை இங்க குடு."

வாங்கி, நாலாக மடித்து, டிரைவர் சீட்டில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். லா நோரியா வரும்வரை, டீசல் போட நிறுத்தியபோதுகூட, எழுந்திருக்கவில்லை.

விழாவில் அந்தக் கிண்ணம் ஜொலித்தது. நஸாரியோ மட்டும் பாட்டிலிலேயே குடித்தான். கிறிஸ்பின் கோப்பையை உயர்த்தி, "எங்க டெல்ஃபினா குடுத்தது, ஒரு கீறல் இல்லாம நம்ம சிவப்பு கொண்டுவந்து சேர்த்தது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். ஜனங்கள் கைதட்டினார்கள். நஸாரியோ குனிந்து என் காதில் கேட்டான்:

"'எங்க டெல்ஃபினா'ன்னா சொன்னான்?"