ஓம் சொல்லக் கூடாத பயிற்சி

ஆண்களோடு சேர்ந்து வேலை செய்வதில் எனக்குச் சிக்கல் இருப்பதாக ஓர் இயந்திரம் தீர்மானித்தது. லா கூர்னெவ் என்ற பிரெஞ்சு ஊரில் பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் ஒரு பெரிய குசினியின் களஞ்சியத்தைப் பல வருடங்கள் பார்த்தவள் நான். அங்கே என்னைச் சுற்றி இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். தயிர்ப் பெட்டிகளின் திகதி பார்த்து, பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் அடுக்குவது என் வேலை. அதில் ஆணென்ன, பெண்ணென்ன?

அந்தக் குசினியை மூடிவிட்டார்கள். சமையலை வேறு மாவட்டத்துக்குக் கொண்டு போனால் மலிவு என்று நிறுவனம் நினைத்தது. நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். காரணம் இவ்வளவுதான். ஆனால் வேலையில்லாதோர் அலுவலகம் என்னைச் சேர்த்துவிட்ட இணையப் பயிற்சியின் முதல் காணொளியில், வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒருவன் துள்ளிக்கொண்டு வந்து, என் அடுத்த வேலை எனக்குள்ளேயே காத்திருக்கிறது என்றான். எனக்குள்ளே எந்த வேலையும் காத்திருக்கவில்லை. என் வேலை லா கூர்னெவில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

எதையும் அரைகுறையாக விடுவது என் பழக்கமில்லை. ஒரு பாடத்தையும் தாண்டாமல் வரிசையாகச் செய்தேன். நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகம் என்று ஒரு பாடம் கேட்டது. எறும்பு என்று போட நினைத்தேன். பட்டியலில் எறும்பு இல்லை, டொல்பின் இருந்தது. டொல்பின் என்று போட்டேன். என்னிடம் தலைமைப் பண்பு இருப்பதாகப் பச்சை எழுத்தில் பாராட்டு வந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் களஞ்சியப் பொறுப்பாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. பகல் வேலை. வீட்டிலிருந்து ஒரே பஸ். நான் செய்த அதே வேலை. என் வயதில் இப்படி ஒன்று மறுபடியும் வராது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரத்தோடு விண்ணப்பம் முடிகிறது. பயிற்சியின் கடைசிப் பாடமான நேர்முகத் தேர்வில் தேறியவர்களின் விபரம் மட்டுமே அங்கே போகும்.

அந்தத் தேர்வை நடத்துவதும் இயந்திரம்தான். திரையில் ஒரு கார்ட்டூன் பெண் கேள்வி கேட்பாள். நான் பேசுவதை இயந்திரம் எழுத்தாக்கிப் புள்ளி போடும். செவ்வாய்க்கிழமை காலை, கணவர் ஃபொபூர் சேன்-தெனித் தெருவிலுள்ள மரக்கறிக் கடைக்கு வேலைக்குப் போன பிறகு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை உடுத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். என் பிரெஞ்சு அழகான பிரெஞ்சு இல்லை. ஆனாலும் குளிரறை பற்றி, பழுதான இறைச்சியைத் திருப்பி அனுப்பியது பற்றி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

மத்தியானம் முடிவு வந்தது. சிவப்பு. அதற்குக் கீழே, ஆண்களைப் பற்றித் திரும்பத் திரும்ப, கேள்விக்குத் தொடர்பில்லாமல் பேசுகிறேன் என்றும், ஆண் பெண் இணைந்து பணியாற்றுவது பற்றிய பாடத்தை முடித்தால்தான் மறுபடி தேர்வு என்றும் எழுதியிருந்தது.

நாலைந்து தடவை வாசித்தும் விளங்கவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன். அங்கே இருப்பவர் பாண்டிச்சேரி அக்கா. இந்த நாட்டு அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதம் எது வந்தாலும் நான் அவரிடம்தான் ஓடுவேன். இயந்திரம் எழுதி வைத்திருந்த என் பதில்களை அவர் வாசித்தார். ஒவ்வொரு பதிலும் "ஆண்" என்ற சொல்லோடு தொடங்கியது. ஆண், ஆமாம் மடாம், நான் களஞ்சியத்தில் வேலை செய்தேன். ஆண் ஆண், குளிரறை பழுதானது. அக்கா ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். கொஞ்சம் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"ஏம்மா, நீ வாயத் தொறந்தாலே ஓம், ஓம்ங்கற. மெஷினு அத 'ஒம்'னு எழுதிக்கிச்சு."

பிரெஞ்சில் ஒம் என்றால் ஆண்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் போனில் பேசுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மற்றவர் பேசப் பேச இந்தப் பக்கம் "ஓம், ஓம், ஓம் ஓம்" என்று போய்க்கொண்டே இருக்கும். சம்மதம் என்று அதற்கு அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ சொல்லு என்று அர்த்தம். எந்த மொழியில் பேசினாலும் எனக்கு அது மூச்சோடு வரும். அது வருவது எனக்கே தெரியாது.

"எங்களவங்களா இருந்தா 'ஆமாம்'னு சொல்லியிருப்போம். உடனே 'ஆ மமோன்'னு போட்டு, இவ அம்மாகிட்டப் போகணும்னு அழுவுறான்னு எழுதியிருக்கும்" என்றார் அக்கா.

இன்று அது எனக்கும் சிரிப்பாக இருக்கிறது. அன்று இருக்கவில்லை.

அடுத்த நாள் வேலையில்லாதோர் அலுவலகத்துக்குப் போனேன். இணையத்தில் நேரம் பதியாமல் வரக்கூடாது என்று வாசலில் சொன்னார்கள். போகமாட்டேன் என்று நின்றேன். கடைசியில் என் ஆலோசகர் வந்தாள். சின்ன வயது, நல்ல பிள்ளை. அவளுடைய மரியாதைதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது. ஓம் என்றால் என்ன என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டாள். பிறகு, "அந்தச் சொல்லைத் தவிர்க்க முடியுமா, மடாம்?" என்று கேட்டாள்.

ஒலிப்பதிவை நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன். தனக்குப் புள்ளி மட்டும்தான் வரும், குரல் வராது என்றாள்.

"அப்ப என்ரை குரலை ஆர்தான் கேட்டது?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பிரெஞ்சில் திருப்பிக் கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு, மேசை துடைத்து, நான் பேசியது ஒரு மனிதக் காதிலும் விழவில்லை. நான் ஆண்களுடன் ஒத்துப்போகாதவள் என்ற தீர்ப்பு மட்டும் என் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அன்று இரவு அந்தப் பாடத்தைச் செய்தேன். ஆண் சகா ஒருவர் நீங்கள் பேசும்போது குறுக்கிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. கணவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு வருசம் என்னோடை இருந்ததுக்கு உமக்கு நேரடியா சேர்ட்டிபிக்கேற் தந்திருக்கலாம்" என்றார். குறுக்கிடாதேங்கோ என்றேன். அதுதான் சரியான விடையாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மறுபடி தேர்வு. கார்ட்டூன் பெண் பேசும்போதெல்லாம் நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் முடித்த பிறகு, ஆமாம் என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லும் "உய்" என்று மட்டும் தொடங்கினேன். சுருக்கென்று பதில், பிறகு வாயை மூடினேன். பச்சை வந்தது. என் கேட்கும் திறன் முன்னேறியிருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக் குசினியின் தலைமைச் சமையல்காரரே எனக்குப் போன் எடுத்தார். நல்ல குரல், வேகமான பேச்சு. சாமான் எப்போது வரும், குளிரறைகள் எப்படி இருக்கின்றன என்று விளக்கிக்கொண்டே போனார். நான் போனைக் காதோடு அழுத்தி, உதட்டை மூடிக்கொண்டு, ஒரு சொல் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர், "அலோ? அலோ, மடாம்? கேட்கிறதா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பார். நினைக்காமல் என்ன செய்வார்? இந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லையே. அவருடைய இலக்கமும் போன் திரையில் விழவில்லை.

என் வாழ்க்கையில் அன்று வந்த கோபம் முன்னெப்போதும் வந்ததில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல எனக்கிருந்த ஒரே சொல்லைப் பிடுங்கி, அதற்குப் பச்சை நிறத்தில் பாராட்டும் தந்திருக்கிறார்கள்.

கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சாமான் லொறிகள் வரும் வாசலில் போய் நின்று, தலைமைச் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றேன். காவலாளி உள்ளே போன் செய்தான். அவர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். லைன் அறுந்து போகவில்லை, நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். அவர் கதவை அகலத் திறந்தார். பிறகு உள்ளே வரச் சொன்னார். நடந்தபடியே குளிரறைகளைக் காட்டி விளக்கினார். நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கடைசிக் குளிரறையில் தயிர்ப் பெட்டிகளில் புதியது முன்னுக்கு இருந்தது. என்னை அறியாமல் கை போய் மாற்றி அடுக்கியது. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

சேர்ந்த முதல் வாரமே பயிற்சி நிறுவனத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. தங்கள் பயிற்சியால் வேலைக்குத் திரும்பியவர்களின் கணக்கில் என்னையும் சேர்த்திருக்கிறார்களாம். ஆலோசகருக்குப் போன் செய்து, அந்தக் கணக்கிலிருந்து என்னை எடுக்கச் சொன்னேன். அப்படி எடுக்க இடமில்லை, வேலை கிடைத்தது, கிடைக்கவில்லை என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது என்றாள்.

"பயிற்சியை மீறிக் கிடைத்தது என்று மூன்றாவது கட்டம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள்" என்றேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி நிறுவனத்துக்கு அதையே எழுதி அனுப்புகிறேன். உங்கள் செய்தி கிடைத்தது என்று அந்த நிமிடமே பதில் வருகிறது. வரட்டும். ஒரு மனிதர் அதை வாசிக்கும் வரைக்கும் அனுப்புவேன்.