சுவரில் மாட்டிய ஆள்

பால் பாக்கெட்டைப் போல எங்கள் தொழிலில் மனிதர்களுக்கும் தேதி உண்டு. செயற்கைக் கால் பொருத்துகிறவர்கள், முதுகுக்கும் முழங்காலுக்கும் தாங்கு பட்டை செய்கிறவர்கள் எல்லாரும் டெல்லியில் பெயரைப் பதிந்து ஓர் எண் வாங்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. என் கணவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. வாரத்தில் பாதி ஆஸ்பத்திரி நாற்காலியில் போயிற்று, மீதியில் கடையைத் திறந்தேன். ஏதோ ஒரு ஹோட்டல் ஹாலில் ஏசிக் குளிரில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையே இன்னொருவர் திரையில் காட்டக் கேட்பதற்கு எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. ஒருநாள் பார்த்தால் தேதி முடிந்திருந்தது. அதன் பிறகு அடித்துப் பிடித்துப் புள்ளிகளைச் சேர்த்து, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன்.

காத்திருந்த மாதங்களில் அம்பத்தூர்க் கடையில் முழங்கால் உறையும் இடுப்பு பெல்ட்டும் மட்டும் விற்றேன். கால் வேண்டுமென்று வந்தவர்களைப் பட்டணத்துக்கு அனுப்பினேன். யாரும் என்னைச் சோதிக்க வரவில்லை, வரப்போவதும் இல்லை என்று எனக்குத் தெரியும். எண்ணே இல்லாமல் கால் செய்கிறவர்கள் இந்தப் பக்கம் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் தொழில்காரர்களின் கூட்டம் எங்கே நடந்தாலும் மைக்கைப் பிடித்து அதிகம் கத்தியவள் நான்தான். பதிவு இல்லாதவர்கள் மனிதர்கள் உடம்பில் கை வைக்கக் கூடாது என்று தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். கத்திய வாய்க்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டுமே.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் வெள்ளானூரிலிருந்து அந்தப் பெண் வந்தாள். வாசல் வரை ஷூ போட்டு அழகாக நடந்து வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். எந்தக் கால் செயற்கைக் கால் என்று எனக்கே உடனே பிடிபடவில்லை. இவ்வளவு நன்றாக நடக்கிறவளுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், எல்லாரையும் போல அவளும் வாசலிலேயே கழற்றிவிட்டாள். உள்ளே எடுத்து வைத்த முதல் அடியிலேயே உடம்பு பின்னால் சாய்ந்தது. பதறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் புரிந்துவிட்டது. ஷூவுக்குக் குதிகால் பக்கம் கொஞ்சம் உயரம் உண்டு. அந்த உயரத்துக்குக் காலைச் சரிபார்த்துப் பொருத்திவிட்டு ஷூவைக் கழற்றினால் குதிகால் கீழே இறங்கும், கால் முழுக்கப் பின்னால் சாயும். முழங்கால் பின்பக்கம் தள்ளப்படும். நாள் முழுக்க மேட்டில் ஏறுவதுபோல இருக்கும். நம் ஊரில் வீட்டுக்குள் யார் செருப்போடு நடக்கிறார்கள்? எங்கெல்லாம் செருப்பைக் கழற்றுவீர்கள் என்பதுதான் கால் செய்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அவளிடம் அதை யாரும் கேட்கவில்லை. கடையில் ஷூவோடு, பிடித்து நடக்க வைத்திருக்கும் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, செல்போனில் வீடியோ எடுத்து, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குதிகாலுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிப் பார்த்திருக்கிறாள், அது நழுவிவிட்டது. திரும்பக் கடைக்குப் போனபோது பழகிவிடும் என்றார்களாம். இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளும் ஷூ போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். சாமி ரூமிலுமா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

இதெல்லாம் பரவாயில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை. தூசு கூடாது என்பதால் அங்கே உள்ளே ஷூ போட விடமாட்டார்கள், அவர்கள் தரும் தட்டையான ஸ்லிப்பரைத்தான் போட வேண்டும். நின்றுகொண்டே செய்கிற வேலை. விபத்தில் கால் போன பிறகும் சூப்பர்வைசர் அவள் இடத்தை விட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை வந்து நிற்க முடியுமானால் வரச் சொன்னார், முடியாவிட்டால் வேறு ஆள். அந்த வேலையும் போனால் நாள் பூராவும் வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டுமென்றாலும் நாத்தனாரைக் கூப்பிட வேண்டும். கால் போனதைவிட அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஐந்து நிமிட வேலை அது. கணுக்காலில் இருக்கும் நாலு ஸ்க்ரூவில் ஒரு பக்கம் தளர்த்தி எதிர்ப்பக்கம் இறுக்கி, நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஸ்க்ரூவைத் திருகுகிற சாவி என் மேஜை டிராயரில் இருந்தது. என் கை அதைத் தேடிப் போனதும் நிஜம். பிறகு டிராயரை மூடினேன். எனக்கு இப்போது பதிவு இல்லை, நான் இதைத் தொடக் கூடாது என்றேன். சொல்லும்போதே எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

"இன்னா மேடம் நீங்க, லைசென்ஸ் இல்லாம எத்தினி பேரு வண்டி ஓட்டிகினு போறான்" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். ஆவடி ரோட்டில் அவளை இடித்த வேனை ஓட்டி வந்தவனுக்கும் லைசென்ஸ் இல்லையாம். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் பூந்தமல்லி, பூந்தமல்லி என்று கூவிக்கொண்டிருந்தான்.

கால் எங்கே செய்தது என்று கேட்டேன். நசரத்பேட்டையில் ஒரு கடையின் பெயரைச் சொன்னாள். அங்கே யாருடைய சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கல்லூரியில் என்னோடு படித்தவன். ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எங்கள் வகுப்பிலேயே நல்ல கை அவனுக்குத்தான். கல்யாணத்துக்குப் பிறகு கை வேலையை விட்டு, செயற்கைக் கால் பாகங்கள் விற்கிற கம்பெனியில் சேர்ந்துவிட்டான். மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுகிற வேலை. எண் சும்மாதானே இருக்கிறது என்று அதைக் கடைக்குக் கொடுத்துவிட்டான், கடையும் மாதாமாதம் ஏதோ கொடுக்கிறது. சுவரில் பெயர் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். இது இங்கே புதுசு இல்லை. யாரும் இதைத் திருட்டு என்று சொல்வதும் இல்லை. சும்மா மாட்டியிருக்கு என்பார்கள்.

அவனுக்குப் போன் செய்தேன். கடைப் பையனிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்கிறேன் என்றான். அந்தப் பையன்தான் இப்படிச் செய்தவன் என்றேன். அப்படியானால் நீயே பண்ணிவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றான். என் பதிவு முடிந்துவிட்டது என்றேன். நம்பவில்லை, சிரித்தான். மைக்கைப் பிடித்துக் கத்துகிற உனக்கா என்றான்.

"உன் நம்பர்லதான் அவங்க நடக்கிறாங்க. நீ வா" என்றேன்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி பூராவும் கணவரின் காலைப் பிடித்துவிட்டுக் கண் எரிந்தது, சண்டை போடத் தெம்பில்லை. சண்டை போட்டிருந்தால் அவனும் பதிலுக்குப் பேசி, வராமல் இருந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தான். தோளில் கம்பெனிப் பை, தலை முழுக்க நரை. அந்தப் பெண் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். சாவியை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை வருடமாயிற்றோ ஒரு மனிதரின் காலைத் தொட்டு. மறந்திருப்பான், நான்தான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

அவன் தரையில் சம்மணம் போட்டு அவள் காலடியில் உட்கார்ந்தான். முதல் வேலையாக, எங்கெல்லாம் செருப்பைக் கழற்றுவீர்கள் என்று கேட்டான். வீடு, கம்பெனி, வெள்ளிக்கிழமைகளில் மாங்காட்டுக் கோயில் என்றாள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தானே அந்தச் சுவரில் ஓர் ஆள் வேண்டும்.

கம்பெனி ஸ்லிப்பரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதைப் போட்டு நடக்கச் சொன்னான், வெறுங்காலோடும் நடக்கச் சொன்னான். முதலில் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டான், முழங்கால் முன்னால் மடங்கப் பார்த்தது. பாதியைக் குறைத்தான். மறுபடி நடக்கச் சொன்னான். வாசலிலிருந்து ஜன்னல் வரை சுவரைத் தொடாமல் போய், திரும்பியும் வந்தாள். நாத்தனாருக்கு இப்போதே போன் பண்ணிச் சொல்லட்டுமா என்று கேட்டாள். ஸ்க்ரூ கழன்று வராமல் இருக்க விடுகிற நீலப் பசையை நான் எடுத்துக் கொடுத்தேன். இனி அந்த ஷூ உதவாது, வெளியே போனாலும் பின்பக்கம் வார் வைத்த தட்டையான செருப்புதான் போட வேண்டும் என்று அவளுக்கு நிதானமாக விளக்கினான். திங்கட்கிழமை அவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் போன் செய்து, கால் வலிக்கிறது, ஆனால் நின்றேன் என்றாள்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது சனிக்கிழமை அவள் கிளம்பிய நேரம். அவன் இன்னும் தரையில் உட்கார்ந்து சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நசரத்பேட்டைக் கடையில் மாட்டியிருக்கிற போட்டோவில் இருப்பது நீங்கள்தானே என்று கேட்டாள். சான்றிதழில் அவனுடைய இளவயதுப் போட்டோ உண்டு. தலையாட்டினான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அளவு எடுத்த அன்னிக்கே உங்கள கேட்டேன் சார். டாக்டர் வெளிய போய்கீறாரு, வந்துடுவாருன்னாங்க. நீங்க வந்து ஒரு தபா பாத்துட்டா தேவலன்னு சாப்டாம கூட உக்காந்துகினு இருந்தேன். எங்க சார் போயிருந்தீங்க?"

அவள் குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் சாவியைத் தரையில் வைத்தான். "சேலத்துலம்மா" என்றான்.

"அய்யோ, ரொம்ப தூரமாச்சே சார்" என்று அவனுக்காக வருத்தப்பட்டாள் அவள்.