நாற்பத்து மூன்று பேருக்கு ஒரே அக்கா

என் தங்கை ஜோஸ்பின் பி.ஏ. சமூகவியல் முடித்துவிட்டாள். இதை நான் வழியில் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன் என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வழியில் பார்க்கிறவர்களிடம் முழுவதும் சொல்ல முடிவதில்லை, அதற்குள் அவர்களுக்கு பஸ் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கம்பைநல்லூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் அவள் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். டி.சி. எழுதுவது, வருகைப் பதிவேடு பார்ப்பது, தலைமை ஆசிரியர் வாரம் ஒருமுறை தொலைக்கும் பீரோ சாவியைத் தேடிக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. பிள்ளைகள் அவளை ‘ஆபீஸ் மிஸ்’ என்பார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்குப் புதிய தாளாளர் வந்தார். பழைய தாளாளரின் மருமகன் என்பது அவருடைய முதல் தகுதி. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தப் போவதாகச் சொன்னார். முதல் வாரம் செருப்பு விடும் இடத்துக்கு மஞ்சள் கோடு போட்டார். இரண்டாவது வாரம், அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு டிகிரி வேண்டும் என்றார்.

ஜோஸ்பின் பன்னிரண்டாவது வரை படித்தவள். நான்கு வருடம் அவகாசம் தருவதாகவும், நான்காவது வருட ஜூன் முதல் தேதிக்குள் பட்டம் வராவிட்டால் பள்ளி பஸ்ஸில் ஆயா வேலைக்கு மாற்றுவதாகவும் அவளுக்குக் கடிதம் வந்தது. எந்த வேலையும் கேவலமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். அப்படி எழுதத் தோன்றியதிலிருந்தே அவர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ளலாம். அந்த பஸ்ஸில் ஏற்கெனவே ஆயாவாக இருக்கும் காவேரியைப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘ஆயா, வாந்தி’ என்பார்கள், அவ்வளவுதான். காவேரியே ஜோஸ்பினிடம், “நீ எல்லாம் வராத மிஸ்ஸு. எனக்கே உக்கார எடமில்ல” என்று சொல்லிவிட்டார்.

ஜோஸ்பின் அஞ்சல் வழியில் சேர்ந்தாள். புத்தகங்கள் தபாலில் வந்தன. அதைப் படித்தால் தமிழ் தெரிந்தவர்களுக்கும் புரியாது. அப்போதுதான் யாரோ அவளை ‘சோசியாலஜி சொந்தங்கள்’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். இருநூற்றுப் பதினொரு பேர். பாதிப் பேருக்கு முகம் கிடையாது. ரோஜாப்பூ, முருகர், மாதா, யாருடையதென்று தெரியாத குழந்தை. அட்மின் பெயர் குரு. தருமபுரியில் செல்போன் கடையில் வேலை. தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு சூரிய உதயமும், நண்பகல் பன்னிரண்டுக்கு ஒரு மதிய வணக்கமும் போடுவான். நடுநடுவே, தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் எது, ஹால் டிக்கெட் எப்போது வரும் என்பதையும் போடுவான். அதில் ஒருநாள்கூட அவன் தவறியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜோஸ்பினுக்குப் புள்ளியியல் தாள் இரண்டு முறை போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் கணக்கு யாருக்கும் வராது. குரூப்பில் ஐஸ்வர்யா என்ற பெண், மொரப்பூர் பக்கம், கைக்குழந்தையோடு இருந்தவள், குரல் பதிவு குரல் பதிவாக அனுப்பி அதைச் சொல்லிக்கொடுத்தாள். மொத்தம் அறுபத்தெட்டு பதிவுகள். ஒவ்வொன்றிலும் பாதி சராசரி, பாதி குழந்தையின் அழுகை. அதன் பிறகு பஸ்ஸில் யாருடைய குழந்தை அழுதாலும் ஜோஸ்பினுக்குத் திட்டவிலக்கம் ஞாபகம் வந்தது. மூன்றாவது முறை ஐம்பத்தொரு மார்க் வாங்கினாள்.

தேர்வெல்லாம் முடிந்து கடைசியாக ஒரே ஒரு அசைன்மென்ட் பாக்கி இருந்தது. ‘குடும்பத்தில் அதிகாரம்: உங்கள் வீட்டை உதாரணமாகக் கொண்டு விளக்குக.’ கையால் எழுதித் தருமபுரியில் இருக்கும் படிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும். அதில் மார்க் விழுந்தால் ஜூனுக்கு முன்னால் பட்டம். விழாவிட்டால் அடுத்த டிசம்பர். பஸ் டிசம்பர் வரை காத்திருக்காது.

ஜோஸ்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். சிலபஸ்தான் என்றாள்.

கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது குரூப்பில் கும்பிட்ட கைகளாக வந்து விழுந்தன. யாராவது ஒரு மாடல் போடுங்கள், ஒரே ஒரு மாடல். அறுபத்தெட்டு குரல் பதிவுகளை நினைத்துக்கொண்டு, இவள் தன் ஆறு பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டுவிட்டாள். குரு மேலே இருந்த பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்து, ஒரே கோப்பாக்கி, ‘மாடல்’ என்று பெயர் வைத்து மறுபடி போட்டான். மாடல் என்றால் அதைப் பார்த்துவிட்டு அவரவர் வேறு எழுதுவார்கள் என்று என் தங்கை நினைத்திருக்கிறாள். நான் தையல் வேலை செய்கிறவள். இருபத்தாறு வருடத்தில் என்னிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டு, இதைப் பார்த்து வேறு ஒன்று தை என்று ஒருத்தியும் சொன்னதில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவேண்டும் என்று படிப்பு மையத்திலிருந்து போன் வந்தது. காரணம் சொல்லவில்லை. ஜோஸ்பினோடு நானும் போனேன்.

ஒரு பெரிய வகுப்பறை. நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். துணைக்கு வந்தவர்கள் கடைசி பெஞ்சில். மூன்று வருடம் தினமும் பேசிக்கொண்டவர்கள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டார்கள். நீதான் ரோஜாப்பூவா, நீங்கதான் முருகரா என்று ஒரே விசாரணை. குரு பத்து மணிக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். சூரிய உதயத்தையெல்லாம் மாதம் ஒருமுறை மொத்தமாக ஏற்றி, தானாகப் போகும்படி வைத்திருக்கிறான் என்று அங்கேதான் தெரிந்தது.

மாதவராஜ் சார் ஒரு கட்டுத் தாளோடு உள்ளே வந்தார். அந்த மையத்தின் பொறுப்பாளர். கோபமாக இல்லை, களைத்துப்போனவராகத் தெரிந்தார்.

“ஒரே ஒரு சந்தேகங்க,” என்றார். “யாருங்க இந்த பாக்கியமேரி அக்கா?”

என் பெயர் பாக்கியமேரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் ஒரு தாளை எடுத்து மாரியப்பன் என்று கூப்பிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்தார். நரைத்த மீசை.

“உங்க வயசுங்க?”

“அம்பத்தி மூணுங்க சார்.”

“பாக்கியமேரி அக்காவுக்கு நாப்பத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு அக்கா எப்படிங்க?”

மாரியப்பன் கொஞ்சம் யோசித்தார். “ஒன்னுவிட்ட அக்காங்க.”

அடுத்து குரு. அவன் விவரமானவன், பெயரை மட்டும் மாரியம்மா அக்கா என்று மாற்றியிருந்தான். மாரியம்மா அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை பார்த்து நன்மை அப்பம் வாங்காமல் சாப்பிட மாட்டார் என்று அப்படியே விட்டிருந்தான். நாற்பத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் ஆண்கள். அதில் பதினான்கு பேர், ‘என் கணவர் ஓசூரில் வேலை செய்கிறார்’ என்று கொடுத்திருந்தார்கள். மற்ற ஐந்து பேர் அந்த இடத்தில் மட்டும் பேனாவை நிறுத்தி யோசித்திருக்கிறார்கள்.

பிறகு சார் முழுவதும் படித்தார். நானும் அப்போதுதான் கேட்டேன்.

‘எங்கள் வீட்டில் அதிகாரம் அப்பாவிடம் இல்லை, பாக்கியமேரி அக்காவிடம் இருக்கிறது. குக்கர் எத்தனை விசில் அடிக்க வேண்டும் என்பதை அக்காதான் முடிவு செய்வார். குக்கருக்கு அந்த உரிமை கிடையாது. என் கணவர் ஓசூரிலிருந்து எந்த பஸ்ஸில் வரவேண்டும் என்பதையும் அவர்தான் சொல்வார். என்னைப் படிக்க வைப்பதற்காக அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையல்ல. அவருக்குக் கணக்கு வரவில்லை. ஆனால் ஊர் சொல்வதை அவர் இன்றுவரை மறுத்ததில்லை. அதிகாரம் என்பது இப்படித்தான் உண்டாகிறது.’

எழுதியிருப்பது சரிதான். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதை நாற்பத்து மூன்று பேர், கோடு போட்ட தாளில், அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டாம்.

எழுதியவர் யாரோ அவர் எழுந்திருக்கலாம், அவர் தாள் இன்றே பல்கலைக்கழகத்துக்குப் போகும், மற்ற நாற்பத்திரண்டும் பூஜ்யம், டிசம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்றார் சார்.

ஜோஸ்பின் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு முன் பெஞ்சில் ஐஸ்வர்யா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் நான் எழுந்தேன்.

“நான்தாங்க பாக்கியமேரி.”

மொத்த வகுப்பும் திரும்பியது. மாரியப்பன் பாதி எழுந்து கும்பிட்டார்.

“உங்களுக்குத் தங்கச்சி எத்தன பேருங்க?” என்றார் சார்.

“ஒருத்திதாங்க. அந்தப் பச்சை சேல. மத்தவங்க யாரையும் எனக்குத் தெரியாது.”

ஜோஸ்பின் எழுந்து என்னைப் பார்த்தாள். பிறகு சாரைப் பார்த்தாள். “பாத்தீங்களா சார். நான் எழுதுனதுல ஒரு வார்த்தகூட தப்பில்ல.”

சார் சிரித்துவிட்டார். அவள் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் போகவில்லை.

“அவங்க பண்ணது தப்புதாங்க. ஆனா அவங்களுக்கும் வூடு இருக்குதுங்க சார். இங்கியே ஒக்காந்து எழுதட்டும். நீங்க பாத்துக்கிட்டு இருங்க.”

சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குக் கட்டு போய்விடும், அதுவரை எழுதலாம் என்றார். ஆனால் ஒன்று. இந்த முறை எந்த இரண்டு தாளாவது ஒரே மாதிரி இருந்தால் அந்தக் கட்டையே அனுப்ப மாட்டேன் என்றார். “உங்க தாளும் அதுலதான் இருக்கும். யோசிச்சுக்கங்க.”

“சரிங்க சார்,” என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

செல்போன்களை எல்லாம் மேசைமேல் குவித்தார்கள். வெள்ளைத்தாள் வந்தது. மூன்று வருடமாக எதைக் கேட்டாலும் யாராவது அனுப்பிவைத்துப் பழகியவர்கள், அந்தத் தாளைக் கரண்ட் பில் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் குருவின் மதிய வணக்கம் நேரம் தவறாமல் வந்து, மேசைமேல் மற்ற நாற்பத்திரண்டு போனும் ஒன்றாக உறுமின. யாரும் எழுந்துபோய்ப் பார்க்க சார் விடவில்லை.

மாரியப்பன் ‘எங்கள் வீட்டில் அதிகாரம் என்னிடம் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் வரவில்லை என்றார். ஜோஸ்பின் போய், இன்றைக்கு இங்கே வருவதற்கு யாரிடம் கேட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். அவர் அந்த வரியை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அடிஷனல் தாள் இரண்டு வாங்கினார். ஐஸ்வர்யா, தன் மாமியார் போன் சார்ஜரை எங்கெங்கே ஒளித்து வைப்பார் என்பதிலிருந்து தொடங்கினாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அழுதது. அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம்.

நாலே முக்காலுக்கு நாற்பத்தொரு தாள் சேர்ந்துவிட்டது. குரு மட்டும் பாக்கி. ஜோஸ்பினின் நான்கு வருடம் அவன் பேனாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மெல்ல எட்டி, சார் மேசைமேல் மேலாக இருந்த மாரியப்பனின் தாளைப் படித்துக்கொண்டிருந்தான். ஜோஸ்பின் போய் அதன் குறுக்கே நின்றாள்.

“குரு, உன் வூட்டுக்காச்சும் நீயே அட்மினா இரு.”

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எழுதினான். ஒன்றேகால் பக்கம். என்ன எழுதினான் என்று தெரியாது. எழுதும்போது ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டான், கொட்டாவியால் இருக்கலாம்.

சார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு தாளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ‘எங்கள் வீட்டில் அதிகாரம் அம்மாவிடம் இருக்கிறது’ என்று தொடங்கின. ஜோஸ்பின் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அது மறுபடி அழுதது. சார் இரண்டாவது வரிக்குப் போனார். ஒரு அம்மா பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருந்தார். இன்னொரு அம்மா ஆறு வருடமாகப் படுத்த படுக்கை. ஆனால் பீரோ சாவி இன்னும் தலையணைக்கு அடியில். சார் இரண்டையும் மற்றத் தாள்களோடு சேர்த்துக் கயிறு போட்டார். மணி ஐந்தாக நான்கு நிமிடம்.

மே இருபத்தேழாம் தேதி தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வந்தது. இருபத்தெட்டாம் தேதி காலை ஜோஸ்பின் அதைத் தாளாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்காமல், சந்தோஷம் என்றார். பிறகு, டிகிரி முடித்தவர் சும்மா ஆபீஸில் மட்டும் உட்கார்ந்திருப்பானேன், ஆறாம் வகுப்புக்கு சமூக அறிவியல் டீச்சர் இல்லை, ஆபீஸ் வேலையோடு சேர்த்து அதையும் பார்த்துக்கொள்ளலாமே என்றார்.

“எழுத்துல குடுங்க சார்,” என்றாள் ஜோஸ்பின். “பாத்துட்டு சொல்றேன்.”

அவர் இன்னும் கொடுக்கவில்லை. அவள் ஆபீஸில் டி.சி. எழுதிக்கொண்டிருக்கிறாள்.