மாத்திரைக்கும் சோற்றுக்கும் நடுவே

எங்கள் ஊர் அங்கன்வாடிச் சுவரில், ஒரு பெண் பிறந்ததிலிருந்து எந்த வயதில் என்ன சாப்பிட வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். முதலில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு மசித்த சோறும் பருப்பும். ஓடியாடுகிற பிள்ளைக்கு முட்டை, கீரை. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கேழ்வரகு, வெல்லம், பேரீச்சம்பழம். அதற்கு அடுத்து வயிற்றுப்பிள்ளைக்காரி. கடைசியாக மடியில் குழந்தையை வைத்துப் பால் கொடுக்கிறவள். அதோடு சுவர் முடிந்து ஜன்னல் வந்துவிடுகிறது.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிற பெண் மாதம் ஒருமுறை வந்து அந்தச் சுவரடியில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். நாங்கள் தரையில் உட்கார்ந்திருப்போம். நான் ஐந்தாவது வரைக்கும் போனவள், எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். என் ஓரகத்திக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொரு மாதமும் அந்தச் சுவரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். நான் அவள் காதோடு படிப்பேன்.

"நம்பளுக்கு இன்னாடி எழுதிகீது?"

"நம்பளுக்கு எழுதலக்கா. பால் குடுக்கறவளோட நின்னுபோச்சி."

"அப்ப பால் நின்னதும் வாயயும் தெச்சிக்க சொல்றாங்க போலகீது."

அவள் மெதுவாகப் பேசத் தெரியாதவள். உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். மாத்திரைப் பெண்ணும் சிரித்தாள். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் சம்சாரம். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இருவரும் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. என் ஒரே பெண்ணைச் சாலவாக்கம் பக்கம் கொடுத்துவிட்டேன். அதனால் நான் அக்காவோடும் அக்கா பிள்ளையோடும் இருக்கிறேன். அவனுக்குக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். காலையில் எட்டரை மணிக்குக் கம்பெனி பஸ் அவனைப் பெரிய ரோட்டில் இறக்கிவிடும். அவன் சம்சாரம் பிள்ளைகள் படிப்புக்காகக் காஞ்சிபுரத்தில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள்.

மாமியார் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் சட்டியை முதலில் தொடுகிறவர்கள் ஆண்கள். பிறகு பிள்ளைகள், பிறகு மாமியார். மீந்தால் மருமகள்கள். நடவுக்குப் போகும்போது வரப்பு வளையில் கை விட்டு நண்டு பிடித்து வருவது நாங்கள்தான். ஆனால் எங்கள் தட்டுக்கு வரும்போது குழம்பில் நண்டு வாசனை மட்டும் இருக்கும். இதை ஒரு குறையாக அப்போது நான் நினைத்ததில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

என் பெண்ணை ஐந்து மாதம் சுமந்திருந்தபோது ஒருநாள் களை எடுத்துவிட்டு வந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் யாரும் இல்லை. சட்டியில் கேழ்வரகுக் களி கிளறி வைத்திருந்தது. ஓரமாக ஒரு பிடி கிள்ளித் தின்றேன். கிள்ளின இடம் தெரியாமல் இருக்க, கையைத் தண்ணீரில் தொட்டுத் தடவி மட்டமாக்கினேன். மாமியார் வந்து மூடியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"எவடி சட்டில கைய வெச்சது?"

அப்போதுதான் புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்த அக்கா, முகத்தைக்கூடத் துடைக்காமல் சொன்னாள்.

"நாந்தான் துன்னேன் அத்தே. பசி தாங்கல."

"வயித்துல சொமக்கறவளே சும்மா குந்திகினுகீறா. உனுக்கு இன்னாடி அப்டி ஒரு பசி?"

அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இல்லை. மறுநாள் வரப்பில் நடக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நீ பட்டினி கெடந்தா ரெண்டு வயிறு காயும். நான் கெடந்தா ஒண்ணுதான. போடி" என்றாள். நான் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னாலும் சொன்னதில்லை. எனக்கு அதெல்லாம் சொல்ல வராது.

பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். பத்தியம் என்று பூண்டும் மிளகும் வைத்து அரைத்த குழம்பில் ஒரு வேளைச் சோறு. தண்ணீர் கேட்டால் வயிறு பெருத்துவிடும் என்று சொம்பை எடுத்து மறைத்துவிடுவார்கள். அங்கன்வாடிச் சுவரில் பால் கொடுக்கிறவளுக்குப் பக்கத்தில் பால், முட்டை, மீன், பழம் எல்லாம் வரைந்திருப்பதைப் பார்த்தபோது, அவள் எந்த ஊர்க்காரியோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாமியார் போனாள். வீட்டு ஆண்கள் இருவரும் போனார்கள். எங்களை ஏனென்று கேட்க ஆள் இல்லை. ஆனாலும் அக்கா பிள்ளை வந்து தின்று எழுந்த பிறகுதான் நாங்கள் தட்டு எடுப்போம். அவன் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் எப்போது சாப்பிடுகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது. தின்றதும் படுத்துத் தூங்கிவிடுவான்.

போன வருஷம் அக்காவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று மாத்திரையை மாற்றினார்கள். அன்றைக்கு மாத்திரைப் பெண் நிதானமாகச் சொன்னாள்.

"ஆயா, இது புதுசு. காலைல நாஷ்டாவுக்கு முன்னாடி போடணும். போட்டு அரை மணி நேரத்துக்குள்ள சாப்ட்டுடணும், சரியா? நீங்க எத்தினி மணிக்கு சாப்புடுவீங்க?"

"எட்டரைக்குலாம் ஆயிடும்மா."

எட்டரை என்பது பிள்ளை வருகிற நேரம். அவன் வந்து, குளித்து, தின்று, கை கழுவிய பிறகு நாங்கள் உட்காரும்போது பத்து மணி ஆகும். பஸ் தாமதமானால் பதினொன்று. அக்கா பொய் சொல்ல நினைக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டு நேரம் என்றால் அவளுக்கு அது பிள்ளையின் நேரம்தான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "கூட இருக்கறது நீங்கதானே? நீங்க பாத்துக்கோங்க."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை தின்னாமல் நாங்கள் தின்பதில்லை என்று சொன்னால், தாயைப் பட்டினி போடுகிறான் என்று அவன் பேர் கெட்டுவிடும் என்று நினைத்தேன். அதற்கு மேல், இத்தனை பேர் நடுவில் வாயைத் திறக்க எனக்குக் கூச்சம். தலையை ஆட்டினேன். இனிப்பு, வெல்லம், கிழங்கு ஆகாது என்றாள். அதற்கும் ஆட்டினேன். மயக்கம் வந்தால் என்று அப்புறம் ஏதோ சொன்னாள். அதற்குள் பக்கத்தில் இருந்தவள் தன் அட்டையை நீட்டிவிட்டாள். நான் காதில் வாங்காமலேயே தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

இனிப்பு ஆகாது என்றதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். டீயை வெறுமையாகத்தான் கொடுப்பேன்.

"போன சென்மத்துல நீ போலீஸ்காரிடி" என்பாள் அக்கா. "ஒரு சிட்டிக போட்டா இன்னா, செத்தா பூடுவேன்?"

"ஆவாதுன்னு சொல்லிகீறாங்க. சும்மா குடி."

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் அக்கா எட்டு மணிக்கு மாத்திரை போட்டாள். மாத்திரையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. சோறு வடித்து, முருங்கைக்கீரை வதக்கி, பிள்ளைக்கென்று அதில் ஒரு முட்டை உடைத்து ஊற்றி மூடி வைத்தாள். எட்டே முக்காலுக்கு அவன் போன் பண்ணினான். தண்ணீர் ரோட்டுக்கு மேலே போகிறது, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், வர நேரமாகும் என்றான்.

பத்து மணிக்கு அக்கா கையை நீட்டிக் காட்டினாள். விரல் உதறியது.

"பசிதான்க்கா. நீ ரெண்டு வாய் துன்னு."

"புள்ள மழைல நனைஞ்சிகினு வருது. அதுக்குள்ள எனுக்கு இன்னா அவசரம்? வரட்டும்."

நானும் விட்டுவிட்டேன். பதினொரு மணி இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் அவள் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. என்னக்கா என்று தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

"நாந்தான் துன்னேன் அத்தே."

வாசலுக்கு ஓடிக் குரல் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, திரும்ப ஓடி ஒரு டம்ளரோடு வந்தாள்.

"சக்கரத்தண்ணி. வாயில ஊத்து. எங்க நைனாவுக்கு இப்டிதான் வேர்த்துகினு வரும்."

"குடுக்காத. அதுக்கு சக்கர நோவு. ஆவாது" என்றேன்.

"கொஞ்சந்தான்மே. குட்த்து பாக்கலாம்."

"ஆவாதுன்றேன் இல்ல" என்று கத்தி அவள் கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் தரையில் போயிற்று. இத்தனை வருஷத்தில் நான் யாரையும் எதிர்த்துச் சத்தம் போட்டு அந்தத் தெரு கேட்டதில்லை. அவள் மிரண்டுபோய் நின்றுவிட்டாள். இவளுக்கு விஷயம் தெரிந்திருக்கும், அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் அக்காவுக்குக் கை கால் இழுத்தது. யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். பன்னிரண்டரைக்கு அக்கா பிள்ளை வந்தான். அவன்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினான். அது மழையில் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா எப்போ சாப்பிட்டாங்க?"

"காலைல துன்னுருக்கும்" என்று அவன் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

"துன்னல" என்றேன். "உனுக்காவ குந்திகினு இருந்துச்சி."

அவன் முகம் போன போக்கை நான் எழுத முடியாது. "நான் எப்ப சின்னம்மா சொன்னேன்? எனுக்காவ பட்டினி கெடங்கன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான். நீ சொல்லவில்லைதான் என்று சொல்லியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கண் திறந்தாள். ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. மாத்திரை சர்க்கரையை இறக்கிவிட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை, மூளைக்கு அத்தனை நேரம் சர்க்கரை போகவில்லை, அதனால் இப்படி என்றார் டாக்டரம்மா. "நினைவு இருக்கும்போதே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்கலாமேம்மா" என்று என்னிடம்தான் சொன்னார். திட்டவில்லை. நான் தலையாட்டினேன்.

டம்ளரைத் தட்டிவிட்டது அக்கா பிள்ளைக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரி இதுவரை சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கும்போது என்னைப் பார்த்தால் குடத்தைப் பார்ப்பாள். முதல்முதலாக இந்தக் காகிதத்தில்தான் சொல்கிறேன்.

இப்போது அக்கா கட்டிலில் இருக்கிறாள். மூக்கில் குழாய். ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்குப் பால். எட்டுக்கு வடிகட்டின கஞ்சி. பத்துக்குப் பருப்புத் தண்ணீர். பன்னிரண்டுக்குக் கீரையும் காயும் வேகவைத்து அரைத்த சாறு, அதில் ஒரு முட்டையின் வெள்ளை. இப்படி இரண்டு மணிக்கு ஒருமுறை, படுக்கிற வரைக்கும். சுவரில் எழுதாமல் விட்டது அவளுக்குத் தனியாக எழுதி வந்தது போல் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து ஊசிக் குழலால் மூக்குக் குழாயில் ஊற்றுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத்தான் ஆகாரம். முதலில் தின்பது ஒரு மனுஷிக்கு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ருசியும் தெரியாது. இனி தேறாது என்று சொல்லிவிட்டார்கள். உடம்பு மட்டும் வற்றிக்கொண்டே வருகிறது.

அக்கா பிள்ளை மாறிவிட்டான். வந்ததும் குளிக்காமல்கூட எனக்குத் தட்டில் போட்டு வைக்கிறான்.

"நீ மொதல்ல துன்னு சின்னம்மா. நீயும் வுயுந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? நான் வெளிய குந்திகினுகீறேன், நீ துன்னு."

வாசலில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறான். ராத்திரியெல்லாம் வேலை செய்த முதுகு. அதைப் பார்த்துக்கொண்டு எனக்குக் கை எழுவதில்லை. இத்தனை நடந்த பிறகும் எழுவதில்லை. இரண்டு வாய் வைத்து விழுங்குகிறேன். மீதியைச் சட்டியில் திரும்பப் போட்டு, போட்டது தெரியாமல் கரண்டியால் மேலே மட்டமாக்கி மூடுகிறேன்.

"ஆச்சா?" என்கிறான் திரும்பாமல்.

"ஆச்சிப்பா. வா, துன்ன வா" என்கிறேன்.

பத்து மணி ஆகிவிடுகிறது. பருப்புத் தண்ணீரை வடிகட்டப் போகிறேன்.