அம்மைக்காரருக்கு ஸ்டீராய்டு

நுரையீரல் டாக்டருக்கு நோயாளி ஒருவர்தான்; சம்மதிக்க வைக்க வேண்டியவர்களோ ஒரு வேன் நிறைய வருவார்கள். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு முழித்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சி. தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டியூட்டி டாக்டர்.

மருந்தா? மூச்!

பாலவாக்கத்திலிருந்து செல்வம் என்ற மீனவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் அம்மை. நுரையீரலிலும் இறங்கிவிட்டதால் பேசக்கூட முடியாமல் மூச்சு இரைத்தது. அம்மை கண்ட வீட்டில் மருந்து கொடுத்தால் தெய்வக் குற்றம் என்று அதுவரை வேப்பிலை மட்டும்தான். "அப்புறம் எதுக்கும்மா இங்கே கூட்டிட்டு வந்தீங்க?" என்று அவர் மனைவி கலாவிடம் எரிந்து விழுந்தேன்.

"ஆத்தாவாண்ட நீ போவாத டாக்டரம்மா. இவருக்கு மூச்சு வாங்குது, அத்த மட்டும் பாரு."

சண்டையை விலக்க ஒரு ஊசி

கிருமிக்கு மருந்து, ஆக்சிஜன் எல்லாம் கொடுத்தும் செல்வம் மோசமாகிக்கொண்டே போனார். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர். அப்போது அது நிச்சயமான வைத்தியம் இல்லை. பிழைக்க வைக்கலாம், கிருமிக்கே கொண்டாட்டமாகவும் ஆகலாம். விளக்கிச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "கிருமியோட உடம்பு போடற சண்டையே எல்லை மீறி நுரையீரலைக் கெடுக்குதும்மா. அந்தச் சண்டையை அடக்கத்தான் இந்த ஊசி. ஆபத்தும் இருக்கு" என்றேன். கலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க குப்பத்துல சண்டைய வெலக்கப் போறவன்தான் மொத அடி வாங்குவான். உன் ஊசி தாங்குமா? சரி, போடு."

உத்தரவு

ஊசியோடு போனால், கட்டிலருகே தட்டில் கற்பூரம். கலா கையில் தீப்பெட்டி. பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர்! நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. ஆத்தாவுக்குக் காட்டி உத்தரவு வாங்காமல் ஊசி போடக்கூடாதாம். தீப்பெட்டியைப் பிடுங்கியதும் அவள் உடைந்து அழுதாள். "இவரு போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?" மூடியைக் கழற்றாமல் ஊசியைத் தலைமாட்டு வேப்பிலை மேல் வைத்தேன். அவள் கைகூப்பினாள்.

"கோச்சிக்காத தாயே. இது சின்னப் பொண்ணு. பெரிய டாக்டரு சொல்றதத்தான் செய்யுது."

யார் குணப்படுத்தியது?

ஊசி போட்ட பிறகு மெல்ல மெல்ல மூச்சு சீரானது. ஆக்சிஜனை எடுத்த பிறகு செல்வம் ஒரு தட்டு இட்லியைத் தானே சாப்பிட்டு முடித்தார். நான் வராந்தாவுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்குக் கிளம்பும் நாளில், "ஆத்தா எறங்கிட்டா" என்று கலா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "அப்போ நாங்க போட்ட ஸ்டீராய்டு?" என்றார்.

"அதுவும் நல்ல ஊசிதான் சார். ஆத்தாவே உத்தரவு குடுத்த ஊசியாச்சே!"

பலித்தால் பெயர் ஆத்தாவுக்கு, பலிக்காவிட்டால் பழி எங்களுக்கு என்பதுதான் எங்கள் தொழிலின் ஏற்பாடு. செல்வம் தன் காலால் நடந்து ஆட்டோவில் ஏறியதைப் பார்த்த எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.