எங்கள் தெரு ஏறிய புத்தகம்

நேற்று திருவானைக்காவலில் மகன் வீட்டுக்கு எதிரே ஜன்னல் கம்பிக்கு ரெட் ஆக்சைடு அடித்தார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் கிட்டே போய் நின்று முகர்ந்துவிட்டு வந்தேன். துவாக்குடியில் ஒரு பேப்ரிகேஷன் கம்பெனியில் பதினான்கு வருஷம் இரும்புக்கு அந்தப் பெயின்டைத்தான் அடித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் பிரஷ் பிடித்தால் ஒரு சொட்டு வழியாது. இதைச் சொல்ல இப்போது என்னைத் தவிர ஆளில்லை.

அந்த வாசனையோடு ஞாபகத்துக்கு வருகிறவர் புரொபசரம்மா. வெளிநாட்டுச் சாமான் வந்து இறங்கினால் உள்ளூர்க்காரர் பிழைப்பு என்ன ஆகிறது என்று ஆராய்வதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. எங்கள் தெருவுக்கு அவர் முதல் தடவை வந்தபோது கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை வருவதற்குள், சீனாவில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆர்டர் நின்று, கேட்டில் பூட்டு. நான் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

எங்கள் லைன் வீடுகளின் வாசலில், கம்பெனியில் வேலை பார்த்த பெண்களையெல்லாம் ஒன்றாக உட்காரவைத்து, மூத்தவள் என்று என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"இப்ப என்னம்மா வேலை?"

வீடு தேடி வந்தவரிடம் கஷ்டத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதிலும் காப்பி கொடுத்த கையோடு எப்படிச் சொல்வது?

"மண்டபத்துல சூப்பர்வைசருங்க. முன்னைக்கு இப்ப வசதியா இருக்கோம்."

பக்கத்து வீட்டுச் செல்வி அன்று உலையே வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா சூப்பர்வைசர்னா நான் மேனேஜருங்க."

சிரித்தோம். அப்புறம் வரிசையாக எல்லாருமே வசதியாகிவிட்டார்கள். புரொபசரம்மா குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

அவர் ரிட்டயரான பிறகு, என் மகனின் இந்த வீட்டுக்கே ஒரு நாள் தான் எழுதிய புத்தகத்தோடு வந்தார். எங்கள் தெரு அதில் இருக்கிறதாம். வேலை போனவர்களுக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்துவிடும் என்பதற்கு நாங்கள்தான் சாட்சியாம்.

"அம்மா, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேங்க. பாத்திரம்தான் கழுவினேன். மாத்தி எழுதிடுங்க."

புத்தகத்தை மூடி அட்டையைத் தடவினார்.

"அச்சாகி எங்கெங்கேயோ போயிடுச்சும்மா. நீங்க ஒருத்தர் சொன்னாப் போதாது. மத்தவங்களையும் கூப்பிடுங்க, திரும்பக் கேக்கறேன்."

யாரைக் கூப்பிடுவது? செல்வி திருப்பூர் போனதாகக் கேள்வி. ஒருத்தி மகளோடு முசிறிக்குப் போனாள். மற்றவர்கள் இருக்கிறார்களா என்பதே தெரியாது. லைன் வீடுகளையும் இடித்துவிட்டார்கள். எங்கள் தெரு இனி அந்தப் புத்தகத்தில்தான். அதில் எங்களில் ஒருத்திகூட ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை.